எரிமலை இல்லாத ஊரின் வெந்நீர்

கெடாவின் பாலிங் பக்கம் எரிமலை கிடையாது. பேராக்கிலும் கிடையாது. தீபகற்ப மலேசியா முழுக்கத் தேடினாலும் இன்று உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றுகூடத் தட்டுப்படாது. அப்படியிருந்தும் பாலிங் வட்டாரத்து உலு லெகோங்கில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் இரவு பகல் பாராமல் கிளம்பி வந்துகொண்டே இருக்கிறது.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாட்களில் சுங்கை பட்டாணி, கோல கெட்டில், பாடாங் செராய், கூலிம் பக்கத்துக் குடும்பங்கள் வேன் பிடித்து இங்கே வந்து இறங்கும். ஆயுசில் பாதியைப் பால்மரம் சீவியே கழித்து முட்டி தேய்ந்துபோன பாட்டிமார்கள் குளத்தோரம் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் ஆழமில்லாத இடத்தில் கும்மாளம் போடுவார்கள். "உள்ளுக்குள்ள எரிமலை இருக்குதா தாத்தா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை எப்படியும் கேட்டுவிடும். "இருக்கும் இருக்கும், தூங்குது" என்று தாத்தா சொல்லிவைப்பார். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய உண்மை இதைவிடப் பல மடங்கு அழகானது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எரிமலை என்ற நினைப்பு நமக்கு ஜப்பானிலிருந்து வந்தது. தொலைக்காட்சியில் காட்டுகிற வெந்நீர் ஊர்களைப் பார்த்துப் பார்த்து, ஆவி பறக்கும் குளமென்றால் பின்னால் புகையும் மலை ஒன்று நின்றாக வேண்டும் என்று மனத்தில் பதிந்துவிட்டது. நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஜப்பான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெந்நீர் அல்ல. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட அண்ணன் தம்பிகள்தாம். அந்த ஜப்பான்காரன் காலத்திலும் அவர்களுடைய வெந்நீர்ப் பழக்கம் கூடவே வந்தது. சபாவின் போரிங் ஊற்றைக் குளியலிடமாக ஆக்கியவர்கள் ஜப்பானியப் படையினரே.

ஜப்பானில் வெந்நீர் மூலங்கள் 27,000 போலப் பதிவாகியுள்ளன. எது வெந்நீர் ஊற்று என்று சொல்வதற்கே 1948 முதல் அங்கே தனிச் சட்டம் உண்டு. ஊற்றின் வாயில் 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; அல்லது பட்டியலில் உள்ள 19 பொருட்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு கரைந்திருக்க வேண்டும். இவற்றில் பேர்பெற்ற பலவும் எரிமலையின் பிள்ளைகள்தாம். பசிபிக் தட்டும் பிலிப்பைன் கடல் தட்டும் ஜப்பானுக்கு அடியில் நுழைந்து அமிழ்கின்றன. அமிழும் தட்டு தன்னோடு கொண்டுபோகும் நீர் ஆழத்துப் பாறையின் உருகுநிலையைக் குறைக்க, பாறை உருகிக் குழம்பாகி மேலேறுகிறது. குசாட்சு ஊர் நீரின் அமிலத்தன்மை ஏறக்குறைய 2 பிஎச், அதாவது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. அதில் இரும்பு ஆணியைப் போட்டுவைத்தால் சில நாட்களில் இளைத்துவிடும். குழம்பிலிருந்து கிளம்பும் கந்தக வாயுக்கள் நீரில் கரைவதால் வந்த புளிப்பு அது.

நம் நீர் அப்படிப்பட்டதல்ல. தீபகற்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு. பெரும்பாலானவற்றின் நீர் புளிப்பு இல்லாத, மிஞ்சினால் லேசான காரத்தன்மை கொண்ட நீர். வரைபடத்தில் அந்த ஊற்றுகளைப் புள்ளி வைத்துப் பார்த்தால், நாட்டின் முதுகெலும்பான தீத்திவங்சா மலைத்தொடரை ஒட்டியே பெரும்பாலும் விழும். அங்கே இருப்பது கிரானைட், நாம் கருங்கல் என்கிறோமே அது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாறைக்குழம்பாக ஏறி, ஆழத்திலேயே இறுகிப்போனது. மலாயாவுக்கு ஈயம் கொடுத்ததும் இதே கல். தைப்பிங்கிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயக் குட்டைகளை விட்டுச் சென்ற கல்லும், உலு லெகோங்கில் நம் காலைச் சுடும் கல்லும் ஒரே குடும்பம்.

இருபது கோடி வருஷத்துக் கல்லில் பழைய சூடு மிச்சமிருக்க வழியில்லை. அது என்றைக்கோ ஆறிவிட்டது. இன்றைய சூடு புதிதாகப் பிறக்கிறது. எல்லாப் பாறையிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் கொஞ்சம் இருக்கும். கிரானைட்டில் சற்றுக் கூடுதல். ஈயம் தந்த நம் கிரானைட்டில் அதைவிடக் கூடுதல். இந்த அணுக்கள் தம் பாட்டுக்குச் சிதைகின்றன, சிதையும்போது துளி வெப்பம் விடுகின்றன. யுரேனியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். தோரியத்துக்கு 1,400 கோடி. அடுப்பு இப்போதைக்கு அணையாது.

எவ்வளவு வெப்பம்? கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும், அதன் சிறுமையினால். வெப்பம் அதிகம் தரும் ரகக் கிரானைட்டாகவே இருந்தாலும், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள பாறைக்கட்டி முழுவதும் சேர்ந்து தருவது 5 கிலோவாட் அளவுதான். இப்போது ஊற்றின் பக்கம் வருவோம். நொடிக்கு ஒரு லிட்டர் சுரக்கும் சின்ன ஊற்று ஒன்று 27 டிகிரி மழைநீரை 50 டிகிரியாக்கித் தருகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கு விடாமல் 96 கிலோவாட் வேண்டும். கிட்டத்தட்ட இருபது கன கிலோமீட்டர் பாறையின் உழைப்பு அந்த ஒரு லிட்டரில் இருக்கிறது. பாறை தானாகத் தருவது போக, இன்னும் ஆழத்திலிருந்து பூமியின் ஆதிச் சூடும் மேலேறி வந்து சேர்கிறது. இரண்டும் கூடிக் கண்டங்களின் நிலப்பரப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 65 கிலோவாட் வெளியேறுகிறது. ஆக, ஒரு சின்ன ஊற்று ஒரு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தின் வெப்பம் முழுவதையும் திரட்டி ஒரே வாயில் கொண்டுவந்து கொட்டுகிறது.

எப்படித் திரட்டுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மலையில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஆற்றோடு போய்விடும். ஒரு சிறு பங்கு மண்ணுக்குள் இறங்கும். அதிலும் சிறு பங்கு பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து கீழே கீழே போகும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் 25 முதல் 30 டிகிரி வரை உயரும். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன நீர் 80 டிகிரியை ஒட்டி வந்துவிடும். இறங்குவது மிக மெதுவாக, பல நூறு ஆண்டுகள்கூட ஆகலாம். வழியெல்லாம் பாறையின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே போகிறது. சூடேறிய நீர் கனம் குறைந்தது. மலை உச்சிப் பக்கத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமும் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேலே வர வழி மட்டும் வேண்டும்.

அந்த வழிதான் நிலப்பிளவு. பாலிங் வட்டாரத்தில் புக்கிட் போக் பாக் என்றொரு குன்று உண்டு. அதன் பெயரில் வழங்கும் போக் பாக் பிளவைப் பற்றிப் புவியியலாளர் பர்ட்டன் 1965இல் எழுதினார். வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கெடாவையும் பேராக்கையும் கடந்து போகும் அந்தக் கோட்டின் இருபுறமும் பாறைகள் ஒன்றையொன்று உரசி எப்போதோ நகர்ந்திருக்கின்றன. இப்படி நொறுங்கிய பாறைப்பட்டைகள்தாம் ஆழத்து நீருக்கு ஏணி. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பால்மரத்தின் பட்டைக்குள் பால் எங்கும் நிறைந்து அழுத்தத்தோடு நிற்கிறது. உளி பட்ட கோட்டில் மட்டும்தான் வெளியே வடிகிறது. கோடு இல்லாத இடத்தில் மரம் முழுக்கப் பாலிருந்தும் மங்கு காலிதான். கெடா முழுக்க ஆழத்தில் சூடுண்டு, நீருமுண்டு. உலு லெகோங்கில் கோடு இருக்கிறது.

கீழே எவ்வளவு சூட்டில் இருந்துவிட்டு வந்தது என்பதை நீரே சொல்லிவிடும். வெந்நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். சூடு கூடக்கூடக் கரைவதும் கூடும். மேலே வரும்போது நீர் சீக்கிரம் ஆறினாலும் சிலிக்கா அவ்வளவு சீக்கிரம் படிந்துவிடாது. ஒரு குப்பி நீரைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய் அதில் எத்தனை மில்லிகிராம் சிலிக்கா என்று பார்த்தால், துளைபோடாமலேயே ஆழத்து வெப்பத்தைக் கணக்கிடலாம். நீரில் டிரிட்டியம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டு வெடிப்புகள் உலகத்து மழை முழுவதிலும் டிரிட்டியத்தைக் கலந்துவிட்டன. அது அறவே இல்லாத ஊற்றுநீர் அதற்கு முந்திய மழை.

ஊற்றருகே மூக்கைத் தொடும் அழுகிய முட்டை வாடையை வைத்துத்தான் எரிமலை என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. எரிமலை இல்லாமலேயே உண்டாகும்: ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் நீரிலுள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் தின்று இந்த வாயுவை விடுகின்றன. நூறு கோடி பங்கு காற்றில் சில பங்கு கலந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும் என்பதால், வாடையின் உறைப்பை வைத்து அளவைக் கணிக்க முடியாது. வெள்ளி நகையும் இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும். கொலுசைக் கழற்றாமல் காலை நனைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்து பார்க்கும்போது முத்துக்களின் இடுக்குகள் மங்கிப் பழுப்பேறியிருக்கும்; இன்னும் கொஞ்ச நேரமானால் கறுப்பு. வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாகப் படிந்துவிட்டது. தாலிக்கொடிக்கு ஒன்றும் ஆகாது, நல்ல தங்கம் கந்தகத்தோடு சேராது. கொலுசை மட்டும் வேனிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

யுரேனியம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அது பாறைத் துகள்களுக்குள் பத்து லட்சத்தில் சில பங்காகச் சிக்கிக் கிடக்கிறது. நம்மிடம் வருவது பெரும்பாலும் அதன் சூடுதான். அதிலிருந்து பிறக்கும் ரேடான் வாயு கொஞ்சம் நீரோடு வரும். திறந்தவெளியில் காற்றோடு கலைந்துவிடும். மிசாசா என்ற ஜப்பானிய ஊர் அந்த ரேடானுக்காகவே பேர்பெற்றது.

ஆக உலு லெகோங்குக்கு ஜப்பானில் சொந்தம் தேடினால் குசாட்சுவுக்குப் போகக் கூடாது. ஷிகோக்கு தீவின் மட்சுயாமா நகரத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள டோகோ ஜப்பானின் மிகப் பழைய வெந்நீர் ஊர்களில் ஒன்று. 1894இல் கட்டிய மூன்றடுக்கு மரக் குளியல் மாளிகை இன்றும் நிற்கிறது. பக்கத்தில் எரிமலை இல்லை. கிரானைட் பாறையின் வெடிப்புகளில் ஊறிவரும் காரத்தன்மை கொண்ட எளிய நீர்; பல கிணறுகளின் நீரைக் கலந்து 42 டிகிரியை ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். தோலில் படும்போது வழுவழுப்பாக இருக்கும். காரநீர் நம் தோலின் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து துளி சோப்பை உண்டாக்குவதால் வரும் வழுவழுப்பு. வெடிப்புதான் ஊற்றுக்கு உயிர் என்பதற்கு டோகோவைவிட நல்ல சாட்சி கிடையாது. 1707இலும் 1946இலும் தென்கடலில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது அங்கே வெந்நீர் நின்றுபோனது. பூமி அசைந்ததில் பாறை வெடிப்புகளின் இறுக்கம் மாறிவிட்டது. மாதங்கள் கழித்து மெல்லத் திரும்பி வந்தது. கி.பி. 684இன் நிலநடுக்கத்திலும் இது நடந்ததை ஜப்பானின் பழைய வரலாற்று நூலே பதிவு செய்திருக்கிறது.

இன்னொரு சொந்தம் நமக்கு இன்னும் நெருக்கம்: திருகோணமலைக் கன்னியா. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய நிலத்தில் குத்திய ஏழு கிணறுகள் என்று சொல்லி, ஈழத்தமிழர் தலைமுறை தலைமுறையாக இறந்தவர்களுக்குக் கடன் கழிக்கும் இடம். இலங்கையிலும் எரிமலை இல்லை. இரு பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டிக் கன்னியாவும் மகாஓயாவும் மற்ற ஊற்றுகளும் வரிசையாக அமைந்திருக்கின்றன. அங்கும் மழை, ஆழம், வெடிப்பு, வேறெதுவும் தேவைப்படவில்லை.

கெடாவுக்குள்ளேயே லங்காவியில் ஆயர் ஹாங்காட் இருக்கிறது. கல்யாண விருந்தில் இரண்டு பூதங்கள் சண்டை போட்டுப் பானையை உடைக்க, வெந்நீர் சிந்திய இடம் என்பது மலாய்க்காரர் கதை. அந்த நீர் உப்புக் கரிக்கும். கடலோர ஊற்று என்பதால் கடல்நீரும் சேர்கிறது.

உலு லெகோங்குக்குத் திரும்பினால், பாலிங் மலைக்காடு எனக்குக் கவலை தருகிறது. மேலே மழை இறங்கும் காடு இருந்தால்தான் கீழே வெந்நீர். காட்டு மண் மழையைப் பிடித்துவைத்து மெல்ல உள்ளே விடும். வெட்டவெளிச் சரிவில் அது வழிந்தோடிவிடும். வழிந்தோடும் நீர் என்ன செய்யும் என்பதைக் கூப்பாங் மக்கள் 2022 ஜூலை 4 அன்று பார்த்தார்கள். குனோங் இனாஸ் பக்கமிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக வெள்ளம் இறங்கி மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. ஊற்றின் நீர் பழைய மழை என்பதால் இன்று காடழித்தால் நாளையே வற்றிவிடாது. அதுவே ஆபத்து. விளைவு தெரியவரும்போது வெட்டியவரும் இருக்க மாட்டார், கேட்பவரும் இருக்க மாட்டார். அனுமதித்தாளில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி குளிப்பவரின் உடம்பு. கழுத்தளவு நீரில் உட்கார்ந்தால் நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை நெஞ்சுப்பக்கம் தள்ளும். சூடு தோலடி இரத்தக்குழாய்களை விரிக்கும். இரத்த அழுத்தம் இறங்கும், இறுகிய தசை தளரும், முட்டி வலி கொஞ்ச நேரம் மறக்கும். பாட்டி சொல்லும் சுகம் மெய்தான். தேய்ந்த எலும்பு வளர்ந்துவிடாது. சொறி சிரங்கு போகும் என்று பிள்ளைகளை ஊறவைப்பவர்களும் உண்டு. கந்தகக் களிம்பு மருந்துதான், ஆனால் ஊற்றுநீரில் அந்த அளவு கந்தகம் இல்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஜப்பானில் 30,000 பேரை இருபது ஆண்டுகள் போலத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், தினமும் தொட்டியில் வெந்நீர்க் குளியல் எடுத்தவர்களுக்கு இதயநோயும் பக்கவாதமும் குறைவாக இருந்தன. தினமும் அப்படிக் குளிக்க முடிகிறவர்கள் முன்பே ஓரளவு ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2019இன் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இனிப்புநீர் இருந்தது; வேறெந்த இனத்தையும்விட அதிகம். நாள்பட்ட இனிப்புநீரில் பாத நரம்புகள் மரத்துப்போகும். சூடு உறைக்காது. தோல் வேகும் நேரத்தை 1947இலேயே அளந்துவைத்திருக்கிறார்கள்: 44 டிகிரியில் மணிக்கணக்காகும், 50 டிகிரியை நெருங்கினால் சில நிமிடங்கள், 60 டிகிரியில் ஐந்தே நொடி. மரத்த காலை வைத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணும் சுடலையே" என்று அப்பா சொன்னால், அந்தச் சொல்லே எச்சரிக்கை. மகனோ மகளோ முதலில் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

பிள்ளைகள் தலையை முக்கி விளையாடக் கூடாது. 46 டிகிரி வரை தாங்கி வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. மிக அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பவர் சொற்பம். 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபாக்களால் கேரளம் பட்ட பாட்டைச் செய்திகளில் படித்தோம். குடித்தால் வராது, தோலில் பட்டால் வராது, மூக்குதான் வாசல். ஜப்பானியர் தலையை முக்காமல், துண்டைக்கூட நீரில் போடாமல் குளிக்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் பழக்கலாம்.

வெந்நீரில் வாழும் உயிர்களில் கெட்டதை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஊற்றுநீர் வழிந்தோடும் வாய்க்காலில் பச்சையும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருக்கும் பாசிப்பாயைப் பாருங்கள். அது சூட்டில் வாழப் பழகிய நுண்ணுயிர்களின் ஊர். இப்படிப்பட்ட உயிர் ஒன்றைத்தான் தாமஸ் பிராக் 1966இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஊற்றில் கண்டெடுத்தார். கொதிநிலைக்கு அருகிலும் கெடாத அதன் நொதியை வைத்தே மரபணுவைப் படியெடுக்கும் பிசிஆர் முறை பரவியது. கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்தது அந்த முறைதான்.

முட்டை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள்கரு இறுக 65 டிகிரியாவது வேண்டும், வெள்ளைக்கரு முழுதாக இறுக 80 டிகிரி. ஆள் இறங்கிக் குளிக்கக்கூடிய குளத்தில் எத்தனை மணி நேரம் போட்டுவைத்தாலும் முட்டை வேகாது. வேகவைக்கத்தான் வேண்டுமென்றால் பேராக்கின் சுங்கை கிளாவுக்குப் போக வேண்டும்.

ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழும்போது மெதுவாக எழ வேண்டும், விரிந்த இரத்தக்குழாய்களோடு சட்டென்று நின்றால் தலை சுற்றும். தண்ணீர் குடிக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் குளத்தில் கடைசி வரை இருக்கக் கூடாது. வெந்நீரை விட்டு வெளியே வந்ததும் உடம்பின் உள்வெப்பம் விரிந்த தோல் வழியாக மளமளவென்று இறங்கும். மூளை அதைத் தூங்கும் நேரத்துக்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். 40 டிகிரியும் அதற்குச் சற்று மேலுமான நீரில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு குளித்தவர்கள் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் சீக்கிரம் தூங்கிவிட்டதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019இன் கட்டுரை காட்டியது. வேனுக்குள் பாட்டியும் பிள்ளைகளும் கூப்பாங் தாண்டுவதற்குள் தூங்கிப்போவது அதனால்தான். ஓட்டுகிறவர் முன்கூட்டியே கரையேறி, உடம்பு ஆறும் வரை கடையில் உட்கார்ந்து ஒரு தே ஓ குடித்துவிட்டுக் கிளம்பட்டும்.